லூதியானாவில் வென்ற மதுரை

மதுரையின் பெயரில் ஆடும் மகளிர் கால்பந்து அணி சேது எஃப்.சி. அது 2016-இல் தொடங்கப்பட்டது. மூன்று ஆண்டு கழித்து, 2019 மே 22 அன்று, பஞ்சாப் மாநிலம் லூதியானாவில் மணிப்பூர் போலீஸ் அணியை 3–1 என்று வீழ்த்தி இந்திய மகளிர் லீக் கோப்பையை வென்றது. தமிழ்நாட்டு அணி ஒன்றுக்கு அந்தக் கோப்பை கிடைத்தது அதுவே முதல் முறை. ஆட்டம் நடந்த குரு நானக் மைதானம் மதுரையிலிருந்து ரயில் பாதையில் ஏறத்தாழ 3,000 கிலோமீட்டர். சொந்த ஊர் கேலரியில் இருந்து பார்க்க முடியாத இடத்தில்தான் மதுரைக்குப் பட்டம் வந்தது.

மதுரை என்பது அணியின் முகவரி. அதன் வேர் இருப்பது அருப்புக்கோட்டைச் சாலையில் தெற்கே போனால் வரும் காரியாபட்டிப் பக்கம். வருவாய்க் கணக்கில் அது விருதுநகர் மாவட்டம். ஆனால் அங்குள்ளவர்களுக்கு ஆஸ்பத்திரிக்கும் ஜவுளிக்கும் சினிமாவுக்கும் மதுரைதான். கரிசலும் கண்மாயும் சீமைக் கருவேலமுமாகக் கிடக்கும் வெட்டவெளி. கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும் மண், ஒரு மழை பெய்தால் செருப்போடு காலைப் பிடித்துக்கொள்ளும். கால்பந்துக்கு இதைவிடப் பொருந்தாத மண்ணைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். இந்த வட்டாரத்தில் 1995-இல் தொடங்கப்பட்ட சேது தொழில்நுட்பக் கல்லூரியின் நிர்வாகத்தைச் சேர்ந்த சீனி முகைதீன்தான் அணியின் உரிமையாளர். கல்லூரியின் பெயரே அணிக்கும் வந்தது.

மதுரைக்குக் கால்பந்து புதிதல்ல. அரசரடி ரயில்வே மைதானமும், பழையவர்கள் இன்றும் ரேஸ் கோர்ஸ் என்றே சொல்லும் எம்.ஜி.ஆர். விளையாட்டரங்கமும் எத்தனையோ ஆட்டக்காரர்களைக் கண்டவை. இருந்தாலும் இந்த ஊரின் நெஞ்சில் கால்பந்துக்குக் கிடைத்த இடம் சிறியது. தை மாதத்தில் மாடு; மற்ற மாதங்களில் கபடியும் வாலிபாலும் கிரிக்கெட்டும். 2024 ஜனவரியில் அலங்காநல்லூர் அருகே கீழக்கரையில் ஏறுதழுவுதலுக்கென்று தனி அரங்கமே திறக்கப்பட்டது. ஊரின் முன்னுரிமை எதில் என்று சொல்ல வேறு சாட்சி வேண்டாம்.

பெண்கள் கால்பந்துக்கு நாடு முழுதுமே கிடைத்த இடம் சிறியதுதான். 1970-களின் நடுவில் அதற்கென்று தனிச் சம்மேளனம் அமைந்தது. 1980-இல் கோழிக்கோட்டில் நடந்த ஆசியப் போட்டியில் இந்தியப் பெண்கள் இரண்டாம் இடம் பிடித்தார்கள். பின்னாளில் நீண்ட மந்தம். 1991-இல் தொடங்கிய தேசிய சீனியர் போட்டியில் பெரும்பாலும் மணிப்பூரே வென்றுகொண்டிருந்தது. அங்கே பெண் பந்தாடுவதை யாரும் வியப்பாகப் பார்ப்பதில்லை. தமிழ்நாட்டில் அப்படியொரு சூழல் உருவானது கடலூர்ப் பக்கம். இந்திரா காந்தி விளையாட்டு மற்றும் கல்வி அகாடமியில் பயிற்சியாளர் மாரியப்பனிடம், 2004 சுனாமியால் பாதிக்கப்பட்ட குடும்பச் சிறுமிகள் உட்படப் பலர் ஆடக் கற்றார்கள். இந்துமதி கதிரேசன், சந்தியா ரங்கநாதன் இருவரும் அந்த மாவட்டத்துக்காரர்கள். பின்னாளில் இருவரும் சேதுவின் ஜெர்சியை அணிந்தார்கள், இந்திய அணிக்கும் ஆடினார்கள்.

இந்திய மகளிர் லீக் 2017 ஜனவரியில் டெல்லியில் தொடங்கியது. லீக் என்பது பெயர்தான். ஆறு அணிகள் ஒரே ஊரில் கூடிச் சில வாரத்தில் முடித்துவிட்ட போட்டி அது. முதல் கோப்பை மணிப்பூரின் ஈஸ்டர்ன் ஸ்போர்ட்டிங் யூனியனுக்கு. அடுத்த பருவம் 2018-இல் ஷில்லாங்கில் நடந்தது. ஏழு அணிகளில் ஒன்றாக சேதுவும் போனது. வெளிநாட்டவரைச் சேர்க்கலாம் என்ற விதியைப் பயன்படுத்திக்கொண்டு வங்கதேசத்தின் சபினா காத்தூன், கிருஷ்ணா ராணி சர்க்கார் இருவரையும் அழைத்து வந்தது. அந்த ஆண்டு பட்டம் ரைசிங் ஸ்டூடண்ட்ஸ் கிளப்புக்குப் போனது. ஆனால் சேதுவின் கண் தேர்ந்த கண் என்பது நான்கு ஆண்டு கழித்துத் தெரிந்தது. 2022 செப்டம்பரில் காட்மாண்டுவில் நேபாளத்தை 3–1 என்று வென்று வங்கதேசம் தெற்காசியப் பட்டத்தை எடுத்தபோது அணித் தலைவி சபினா. இறுதியாட்டத்தின் மூன்று கோல்களில் இரண்டு கிருஷ்ணாவுடையவை.

2018 தமிழ்நாட்டுப் பெண்கள் கால்பந்துக்கே திருப்பம். கட்டாக்கில் நடந்த தேசிய சீனியர் இறுதியாட்டத்தில் தமிழ்நாடு மணிப்பூரை 2–1 என்று வென்று முதல் முறையாகச் சாம்பியன் ஆனது. மணிப்பூரை வெல்ல முடியும் என்ற நம்பிக்கை அங்கே பிறந்தது என்றால் மிகையில்லை. அடுத்த ஆண்டு லூதியானாவில் மீண்டும் ஒரு மணிப்பூர் அணி எதிரே நின்றது.

2019 மே 5 முதல் 22 வரை நடந்த அந்தப் பருவத்தில் அணிகள் பன்னிரண்டு, பிரிவுகள் இரண்டு. பிரிவில் ஐந்து ஆட்டம், அரையிறுதி, இறுதி என்று, கோப்பையைத் தொட வேண்டுமானால் 18 நாளில் 7 ஆட்டம். இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறை 90 நிமிடம் ஓட வேண்டும். அதுவும் பஞ்சாபின் மே மாத வெயிலில். இடைப்பட்ட நாளில் பயிற்சி என்று பெரிதாக எதுவும் நடக்காது. கெண்டைக்கால் பிடிப்புக்கு ஐஸ் வைப்பதும், கட்டுப் போடுவதும், தூங்க வைப்பதும்தான் வேலை. இந்த மாதிரிப் போட்டியில் பதினொரு நல்ல ஆட்டக்காரர்கள் போதாது. பெஞ்சில் இருப்பவர்களும் அதே தரத்தில் இருக்க வேண்டும். சேது அதைச் சரியாகக் கணக்குப் போட்டிருந்தது. மணிப்பூரிலிருந்து ரத்தன்பாலா தேவி, பஞ்சாபிலிருந்து மனிஷா கல்யாண், கடலூரிலிருந்து இந்துமதி, நேபாளத்திலிருந்து சபித்ரா பண்டாரி. பயிற்சியாளர் அம்ரிதா அரவிந்த். அரையிறுதியில் எஸ்.எஸ்.பி. அணியின் வலைக்குள் எட்டு கோல் விழுந்தது. திரும்பி வந்தது ஒன்று. இறுதியில் மூன்றுக்கு ஒன்று.

மதுரை அணியில் மதுரைப் பெண்கள் எத்தனை பேர் என்ற கேள்வி அப்போதே எழக்கூடியதுதான். கேள்வி நியாயமானது, ஆனால் உலகில் எந்த ஊர் கிளப்பையும் இந்தக் கேள்வியால் மடக்கலாம். பிரான்சின் பிரிட்டனிப் பகுதியில் கேங்காம் என்று ஒரு சிற்றூர். மக்கள்தொகை சுமார் 7,000. நம்மூர்ப் பேரூராட்சிகள் பலவற்றின் அளவுக்குக்கூட இல்லை. 1912-இல் தொடங்கிய அந்த ஊர் கிளப்பின் மைதானத்தில் 18,000 பேர் உட்காரலாம், அதாவது ஊரைப் போல் இரண்டரை மடங்கு. 2009-இல் இரண்டாம் டிவிஷனில் இருந்துகொண்டே, பெரிய அணியான ரென்னை 2–1 என்று வென்று பிரெஞ்சுக் கோப்பையை எடுத்தது. 2014-இல் அதே ரென்னை மறுபடி வென்றது. 2009-இல் அந்த இரண்டு கோலையும் அடித்த எடுவார்தோ பிரேசில்காரர். கேங்காமில் அதை யாரும் குறையாகச் சொல்லவில்லை. அவர்களுக்கு இருந்து, சேதுவுக்கு இல்லாமல் போனது வேறொன்று: வாரக் கடைசியில் குடும்பத்தோடு போய் உட்கார ஒரு கேலரி.

சேதுவுக்கு இன்னொரு வாய்ப்பும் தவறியது. ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பு 2019 நவம்பரில் தென்கொரியாவில் முதல் முறையாக மகளிர் கிளப் போட்டி ஒன்றை நடத்திப் பார்த்தது. ஜப்பான், சீனா, தென்கொரியா, ஆஸ்திரேலியா அணிகள் நான்குக்கு மட்டுமே அதில் இடம். இந்தியச் சாம்பியன் அழைக்கப்பட்டது 2021-இல், அதுவும் ஜோர்டானில். அதற்குள் சாம்பியன் மாறிவிட்டது. 2020-இல் பெங்களூரில் நடந்த பருவத்தில் கோகுலம் கேரளா அரையிறுதியில் சேதுவை 3–0 என்று வெளியேற்றிக் கோப்பையையும் எடுத்துக்கொண்டது. கோகுலத்தின் முன்வரிசையில் நின்றவர் சபித்ரா. ஒரு பருவத்துக்கு ஒப்பந்தம் போடும் வழக்கத்தில் நேற்றைய துணை இன்றைய எதிரி.

கொரோனாவால் அடுத்த பருவம் நடக்கவே இல்லை. 2022 ஏப்ரலில் புவனேஸ்வரில் பன்னிரண்டு அணிகள் கூடியபோது அரையிறுதி, இறுதி எதுவும் கிடையாது. எல்லோரோடும் ஒரு முறை ஆட வேண்டும், புள்ளிதான் கணக்கு. சேதுவும் கோகுலமும் பத்துக்குப் பத்து வென்று, ஆளுக்கு 30 புள்ளியோடு மே 26 அன்று கடைசி ஆட்டத்தில் மோதின. எழுதி வைத்த கதைபோல் அமைந்துவிட்ட இறுதி. தொடங்கிய சில நிமிடத்திலேயே ரேணு ராணியின் கோலால் சேது முந்தியது. பிறகு கோகுலத்தின் ஆஷாலதா தேவி பெனால்டியில் சமன் செய்தார். கானாவின் எல்ஷடாய் ஒன்று அடித்தார். மூன்றாவது, பழைய சேது ஆட்டக்காரர் மனிஷாவின் காலிலிருந்து. 3–1. மனிஷா அதே ஆண்டில் சைப்ரஸ் நாட்டு கிளப்புக்குப் போய் ஐரோப்பியச் சாம்பியன்ஸ் லீகில் ஆடினார்.

2023 டிசம்பரில் லீகின் அமைப்பு மாறியது. ஏழு அணிகள், சொந்த ஊரில் ஒன்று, எதிரணி ஊரில் ஒன்று என்று அணிக்கு 12 ஆட்டம். காகிதத்தில் பார்த்தால் சேது போன்ற அணிக்கு இதுதான் விடிவு. நடைமுறையில் சுமை கூடியது. முன்பு ஒரு ஊரில் சில வாரம் தங்கினால் முடிந்துவிடும் செலவு, அதன் பிறகு மாதக்கணக்கில் சம்பளம், பயணம், தங்குமிடம் என்று நீண்டது. ஒடிசா, ஈஸ்ட் பெங்கால் போன்ற பெரிய கிளப்புகளின் மகளிர் பிரிவுகள் அந்தக் களத்தில் இறங்கின. 2024-இல் ஒடிசாவும் 2025-இல் ஈஸ்ட் பெங்காலும் பட்டம் வென்றன. சிறு அணி பெரிய முதலோடு மோதும்போது நேரும் கதைதான் இது. இரண்டு பருவத்திலும் சேது முதல் டிவிஷனை விட்டு இறங்கவில்லை.

லூதியானாவில் சேதுவுக்காக ஆடிய சபித்ரா பண்டாரி, நேபாளத்தின் லம்ஜுங் மலைக் கிராமத்துப் பெண், இஸ்ரேலில் சில காலம் ஆடிவிட்டு 2024 ஜனவரியில் பிரெஞ்சு முதல் டிவிஷனில் ஒரு கிளப்பில் சேர்ந்தார். அந்த கிளப் கேங்காம்.