கூட்டுத்தொகை மறைத்த துயரம்

ஒரு பாத்திரத்தில் கொதிநீர். மற்றொன்றில் குளிர்ந்த நீர். இரண்டின் சராசரி வெப்பநிலையை மட்டும் உங்களிடம் சொன்னால், எது கொதிக்கிறது என்று கூற இயலுமா? இயலாது அல்லவா? 2020ஆம் ஆண்டின் கொரோனாப் பெருந்தொற்றும் இதே பாடத்தைப் புகட்டிற்று.

ஜப்பானை எடுத்துக்கொள்வோம். தற்கொலையைத் தடுக்க அந்நாடு 2006இல் தனிச் சட்டம் இயற்றியது. 2010 முதல் பத்தாண்டுகள் எண்ணிக்கை தொடர்ந்து குறைந்தது. 2019இல் 20,169 ஆக இருந்தது, 2020இல் 21,081 ஆயிற்று, 912 கூடுதல். இந்த எண்ணோடு நின்றுவிட்டால் உண்மை புலப்படாது. பிரித்துப் பாருங்கள். ஆண்கள் 14,078இலிருந்து 14,055 ஆகச் சற்றே குறைந்தனர். பெண்களோ 6,091இலிருந்து 7,026 ஆயினர். உயர்வு முழுவதும் பெண்கள் பக்கமே!

பெண்மனம் இயல்பிலேயே மெல்லியது என்று சிலர் கூறக்கூடும். பழைய மருத்துவமும் அப்படித்தான் எண்ணியது. 'ஹிஸ்டீரியா' என்னும் சொல்லே கருப்பையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்ததுதான். ஆனால் சற்றுச் சிந்தியுங்கள். இயல்பு 2019இலும் அதுவே, 2020இலும் அதுவே. மாறாத ஒன்று, திடீர் மாற்றத்திற்குத் தனிக் காரணமாக முடியுமா?

அப்படியானால் மாறியது எது? வாழ்க்கை நிலை. தற்கொலைக்கு ஒரே காரணம் என்று எதையும் சுட்ட முடியாது. எனினும் சில மாற்றங்கள் கண்கூடு. உணவகம், விடுதி, கடை ஆகியவற்றில் நிரந்தரமற்ற வேலை பார்த்தவர்களில் பெண்களே மிகுதி. அவ்வேலைகளே முதலில் போயின. 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டன. பிள்ளைகளைக் கவனிக்கும் சுமை தாய்மாரைச் சேர்ந்தது. குடும்ப வன்முறை பற்றிய முறையீடுகளும் பெருகின.

இது ஜப்பானோடு நிற்கவில்லை. 2021 அக்டோபரில் 'லான்செட்' இதழில் வெளிவந்த மதிப்பீட்டின்படி, 2020இல் பெருந்தொற்றால் உலகில் கூடுதலாக மனச்சோர்வு நோய்க்கு ஆளானோர் 5.32 கோடிப் பேர். அவர்களில் பெண்கள் 3.55 கோடி, ஆண்கள் 1.77 கோடி.

இதனால் ஆண்களுக்குத் துயரில்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ஜப்பானில் அவ்வாண்டும் தற்கொலையால் மாண்டவர்களில் மூவரில் இருவர் ஆண்களே. துயரை வெளியே சொல்லத் தயங்குவோரும் அவர்களில் மிகுதி. 2021 பிப்ரவரியில் ஜப்பான் அரசு தனிமைத் துயரைக் கவனிக்க ஓர் அமைச்சரையே நியமித்தது.

எனவே, மாணவர்களே! ஒரு கூட்டுத்தொகையைக் கண்டால் அதனுள் யார் யார் இருக்கிறார்கள் என்று கேளுங்கள். உங்கள் மனமோ உடனிருப்பவர் மனமோ தளர்ந்தால் மறைக்க வேண்டாம். நம் நாட்டில் 14416 என்ற இலவசத் தொலைபேசி எண்ணில் பேசலாம்.