ராஜபாளையம் நாய்

ராஜபாளையம் நாய் தென் தமிழகத்தின் நாட்டு நாயினங்களுள் ஒன்று. விருதுநகர் மாவட்டத்திலுள்ள ராஜபாளையத்தின் பெயரால் அறியப்படுகிறது. பாளையக்காரர் நாய் என்ற பெயரும் உண்டு. பால்வெள்ளை உடல், இளஞ்சிவப்பு மூக்கு, பொன்னிறக் கண்கள் ஆகியவை இதன் அடையாளங்கள். இந்த வெண்மை இனத்தின் இயல்பான நிறம் என்றே பலரும் கருதுகின்றனர். உண்மையில் அது வளர்ப்போர் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து நிலைநிறுத்திய நிறம். இனத்தின் பெருங்குறையான காது கேளாமையும் அதனோடு சேர்ந்தே வந்தது.

தோற்றம்

விஜயநகரப் படைகளோடு தெற்கே வந்த, தெலுங்கு பேசும் ராஜுக்கள் மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் குடியேறினர். ஊர்ப்பெயர் அவர்களால் வந்தது. நாயை வளர்த்துப் பேணியவர்களும் அவர்களே. காட்டுப்பன்றி வேட்டைக்கும் வீடு, தோட்டக் காவலுக்கும் இது பயன்பட்டது.

உடலமைப்பு

தோள் உயரம் ஏறத்தாழ 65 முதல் 75 செ.மீ. வரை. முயல் வேட்டைக்குப் பேர்போன சிப்பிப்பாறை, கன்னி நாய்கள் மெலிந்தவை. இது அவற்றைவிட எலும்புக் கனமும் ஆழ்ந்த மார்பும் உடையது. காதுகள் மடிந்து தொங்கும். வளர்ப்பவரிடம் மிகுந்த பற்றுக் காட்டும். அயலாரை எளிதில் நெருங்க விடாது.

கதைகள்

பாளையக்காரர் போர்களில் இந்நாய்கள் ஆங்கிலேயரின் குதிரைக் கொட்டில்களில் புகுந்து தாக்கின என்ற கதை இப்பகுதியில் பெருமையோடு சொல்லப்படுகிறது. கருப்புப் புள்ளிகளுள்ள டால்மேஷியன் நாய் இதன் வழிவந்தது என்ற கூற்றும் பரவியுள்ளது. இரண்டும் செவிவழிச் செய்திகளே. ஆயினும் டால்மேஷியனுக்கும் இதற்கும் ஓர் ஒற்றுமை உண்டு: இரண்டு இனங்களிலும் காது கேளாத குட்டிகள் பிறக்கின்றன.

வெண்மையும் செவியும்

தோலுக்கும் மயிருக்கும் நிறம் தரும் நிறமிச் செல்கள் உள்காதிலும் உள்ளன. ஒலியை உணரும் மயிரணுக்களைச் சூழ்ந்த நீர்மத்தில் பொட்டாசியத்தின் அளவைக் காப்பதற்கு அவை தேவை. வெண்மை மிகுந்த நாய்களில் இச்செல்கள் உள்காதை எட்டாமல் போகலாம். அப்போது பிறந்த சில வாரங்களிலேயே மயிரணுக்கள் அழிகின்றன. கேட்கும் திறன் பிறகு மீள்வதில்லை. அமெரிக்க டால்மேஷியன்களில் சுமார் 30 விழுக்காடு நாய்களுக்கு ஒரு காதிலாவது இக்குறை காணப்படுகிறது.

முற்காலத்தில் ராஜபாளையம் நாய்களில் கருப்பு, பழுப்பு நிறமுள்ளவையும் புள்ளியுள்ளவையும் இருந்தன. வெள்ளைக்கே மதிப்பு என்றானபின் நிறமுள்ள குட்டிகள் ஒதுக்கப்பட்டன. தூய வெள்ளையோடு தூய வெள்ளையையே இணைசேர்த்ததால் குறையும் வேரூன்றியது.

சரிவும் பாதுகாப்பும்

1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் நாயின் பழைய தொழிலான வேட்டை நின்றது. அருகிலுள்ள ஸ்ரீவில்லிபுத்தூர் மலைக்காடு 1988இல் சாம்பல் நிற அணில் சரணாலயமாகவும், 2021இல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகத்தின் பகுதியாகவும் ஆனது. வெளிநாட்டு இனங்கள் மீதான மோகமும் நாட்டு நாய்களின் எண்ணிக்கையைக் குறைத்தது.

தமிழ்நாடு கால்நடைத் துறை சென்னை சைதாப்பேட்டையில் நாய் இனப்பெருக்க நிலையம் நடத்தி இவ்வினத்தையும் சிப்பிப்பாறை, கோம்பை ஆகியவற்றையும் வளர்த்துவந்தது. 2005 ஜனவரி 9 அன்று இந்திய அஞ்சல் துறை வெளியிட்ட நாயின அஞ்சல்தலைகளுள் முதோள், ராம்பூர், இமாலய மேய்ப்பு நாய் ஆகியவற்றோடு ராஜபாளையமும் இடம்பெற்றது. 2020 ஆகஸ்டில் பிரதமரின் ‘மனதின் குரல்’ வானொலி உரையிலும் இதன் பெயர் ஒலித்தது.

புகழ் குட்டிகளுக்குத் தேவையைப் பெருக்கும். ஆனால் தேவை வெள்ளைக்கு மட்டுமே என்றால் கேளாமையும் பெருகும். கைதட்டிப் பார்த்து ஒரு காது மட்டும் கேளாத குட்டியைக் கண்டறிய இயலாது. ஒலிக்கு மூளை காட்டும் மின் எதிர்வினையைப் பதிவு செய்யும் சோதனையே அதைக் காட்டும். ஐந்தாறு வாரக் குட்டிக்கே அதைச் செய்யலாம். இரு காதும் கேட்கும் நாய்களை மட்டும் இணைசேர்ப்பதும், நிறமுள்ள குட்டிகளை மீண்டும் இனத்தின் உறுப்பினராக ஏற்பதும் ராஜபாளையம் நாயைக் காக்கும் உறுதியான வழிகள்.