நீர்மாதிரியும் கேட்கப்படாத கேள்வியும்

1983-ஆம் ஆண்டில், கல்கத்தா வெப்பமண்டல மருத்துவப் பள்ளிக்கு 24 பர்கானா மாவட்டத்துச் சிற்றூர்களிலிருந்து நோயாளிகள் சிலர் வந்தனர். தோலில் கரும்புள்ளிகள், உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் தடிப்பு. அது நாள்பட்ட ஆர்செனிக் நஞ்சேற்றம் என்று தோல்நோய் மருத்துவர் க்ஷிதீஷ் சந்திர சாகா கண்டறிந்தார். நஞ்சு, அவர்கள் அன்றாடம் குடித்த குழாய்க்கிணற்று நீரில் இருந்தது.

அக்குழாய்க்கிணறுகள் உயிர்காக்கவே தோண்டப்பட்டவை என்பதுதான் வரலாற்றின் முரண். 1884-இல் ராபர்ட் கோச் கல்கத்தாவின் குளத்து நீரில் காலராக் கிருமியைக் கண்டார். அதன்பின் வங்கத்தில் குடிநீர் குறித்த முதன்மைக் கேள்வி ‘கிருமி உண்டா?’ என்பதாயிற்று. குளத்தைக் கைவிட்டு நிலத்தடி நீருக்கு மாறுவதே அதற்கு விடையாகத் தோன்றியது. ஆர்செனிக்கிற்கோ நிறமில்லை, மணமில்லை, சுவையுமில்லை. தெளிந்த நீரை ஐயுற எவருக்கும் காரணம் இருக்கவில்லை.

1988 முதல் ஜாதவ்பூர்ப் பல்கலைக்கழகத்தின் தீபங்கர் சக்ரவர்த்தி ஊர் ஊராக நீர்மாதிரிகளைத் திரட்டலானார். இத்தகைய ஆய்வில், மாதிரி எடுக்கும் முறையே முடிவை மாற்றிவிடும். புட்டியில் சில துளி அமிலம் சேர்க்காவிடில், நீரில் கரைந்துள்ள இரும்பு காற்றுபட்டுத் துருவாகப் படியும். ஆர்செனிக்கையும் தன்னோடு இழுத்துக்கொள்ளும். மேலுள்ள தெளிநீரை மட்டும் அளக்கும் ஆய்வகம், ஊரார் குடித்த நஞ்சைவிடக் குறைவான அளவையே காட்டும்.

அதே ஆற்றுப்படுகை எல்லை கடந்து வங்கதேசத்திலும் விரிந்துள்ளது. 1992-இல் அங்குப் பிரித்தானிய நிலவியல் ஆய்வகம் நிலத்தடி நீரைப் பல தனிமங்களுக்காகச் சோதித்தது. அப்பட்டியலில் ஆர்செனிக் இல்லை. மறு ஆண்டே அந்நாட்டுக் கிணறுகளில் ஆர்செனிக் இருப்பது உறுதியாயிற்று. பாதிக்கப்பட்டவர் ஒருவர் தொடுத்த வழக்கு, பிரித்தானியப் பிரபுக்கள் அவைவரை சென்றது. அந்நீரைக் குடித்தவர்பால் ஆய்வு நிறுவனத்துக்குச் சட்டப்படியான கடப்பாடு இல்லையெனக் கூறி, 2006-இல் அவை வழக்கைத் தள்ளியது.

‘ஆர்செனிக் இல்லை’ என்பதும் ‘ஆர்செனிக் சோதிக்கப்படவில்லை’ என்பதும் வெவ்வேறு கூற்றுகள். ஆய்வறிக்கையின் அட்டவணையிலோ, இரண்டும் ஒரே மௌனமாகவே தோன்றக்கூடும். ஆய்வகம் கேட்ட கேள்விக்கு மட்டுமே விடை தருகிறது. கேளாத கேள்விக்குரிய விடையை, வங்கத்தில் மனித உடல்களே முதலில் எழுதிக் காட்டின.