கண்வில்லைத் தொழிலும் அதன் உரிமை மாற்றங்களும்

வாணிக வரலாற்றை ஆராய்வோர் பெரும்பாலும் தேயிலை, துணி, எண்ணெய் என்பவற்றையே நோக்குவர். குன்றிமணியளவினதாகிய ஒரு பொருளும் பெருஞ்செல்வத்தை நாடுவிட்டு நாடு செலுத்தவல்லது என்பதற்குக் கண்புரை நோயாளர்க்குப் பொருத்தப்படும் செயற்கை வில்லை தக்க சான்றாகும்.

இரண்டாம் உலகப் போரில் விமானிகள் சிலரின் கண்களிற் புகுந்த பிளாத்திக்குத் துண்டுகள் அழற்சி விளைக்காது கிடந்தமையை ஆங்கில மருத்துவர் ஹரல்ட் றிட்லி கண்டார். அதனைத் துணையாகக் கொண்டு, 1949 ஆம் ஆண்டு நவம்பர் 29 ஆந் திகதி இலண்டன் சென். தோமஸ் வைத்தியசாலையில் முதல் வில்லையைப் பொருத்தினார். அதனை ஆக்கிக் கொடுத்தது றெய்னர் என்னும் கம்பனி. மருத்துவருட் பலர் நெடுங்காலம் இம்முறையை ஏற்றிலர். 1980களிலேயே இது பரவலாயிற்று.

பரவியதும் பெருமுதல் இத்துறையை நாடிற்று. 1945 இல் அமெரிக்காவின் போர்ட் வேர்த் நகரில் ஒரு மருந்துக்கடையாய்த் தோன்றிய அல்கொன், 1977 இல் நெசுலேயின் உடைமையாயிற்று. பின்னர் 2011 அளவில் நொவாட்டிசிடம் முற்றாகச் சென்று, 2019 இல் தனிக் கம்பனியாகப் பிரிந்தது. 1853 இல் நிறுவப்பெற்ற போஷ் அன்ட் லோம் கம்பனியை 2007 இல் வோர்பேர்க் பிங்கஸ் என்னும் முதலீட்டு நிறுவனம் வாங்கிற்று. 2013 இல் வலியன்ற் கம்பனிக்கு அது 870 கோடி டொலருக்கு விற்கப்பட்டது. அத்தொகையிற் பாதியளவு பழங்கடனைத் தீர்க்கவே சென்றது.

இவ்விற்பனைகளுக்குக் காரணம் பேராசை ஒன்றே என்றல் பொருந்தாது. புதிய கருவியொன்றைச் சோதித்து, அரசாங்க அனுமதி பெற்று, நாடெங்கும் விற்பதற்குப் பெருஞ்செலவாகும். சிறு கம்பனி அதனைத் தாங்கமாட்டாது. பெரிய கம்பனியோ ஆராய்ச்சியைத் தொடங்குவதினும் தேறிய ஆராய்ச்சியை வாங்குதலை எளிதெனக் கருதும். எனினும், வாங்கிய விலையை மீட்கவேண்டிய பாரம் ஈற்றில் நோயாளர் மீதே சாரக்கூடும்.

இதற்கு மாறான வழியொன்றை மதுரை காட்டிற்று. அரசாங்க சேவையினின்று ஓய்வுபெற்ற டாக்டர் கோ. வெங்கடசாமி 1976 இல் 11 கட்டில்களுடன் அரவிந்த் கண் வைத்தியசாலையை நிறுவினார். இறக்குமதி வில்லையின் விலை 100 டொலரை அணுகியிருந்தமையால் ஏழைகளுக்கு அது எட்டாக்கனியாயிற்று. ஆகவே 1992 இல் ஆரோலாப் தொழிற்சாலை தொடங்கப்பட்டது. வில்லையின் விலை காலப்போக்கில் 10 டொலருக்கும் கீழாயிற்று. நூற்றுக்கு மேற்பட்ட நாடுகளுக்கு அது ஏற்றுமதியாகின்றது. அறக்கட்டளையின் கீழ் இயங்குவதால், வரும் இலாபம் பங்காளரைச் சேராது பணிக்கே மீள்கின்றது.

சென்னையில் 1978 இல் தொடங்கிய அப்பாசாமி அசோசியேற்சும் வில்லைகளையும் கண் மருத்துவக் கருவிகளையும் ஆக்கி வளர்ந்தது. அதன் பெரும்பான்மைப் பங்கை 2024 இல் வாங்கியது மேற்கூறிய வோர்பேர்க் பிங்கஸ் நிறுவனமேயாகும். ஒரே துறையில், ஒரே மாநிலத்தில், இருவகை உரிமைகள் இன்று அருகருகே நிற்கின்றன.

இலங்கைக்கும் இதில் தொடர்புண்டு. 1961 இல் டாக்டர் ஹட்சன் சில்வா தொடக்கிய கண்தான இயக்கத்தின் பயனாக ஈழத்தார் ஈந்த விழிவெண்படலங்கள் பிறநாட்டார்க்கு இலவசமாய்ப் பார்வை அளித்தன. செயற்கை வில்லையையோ நாம் பெரும்பாலும் விலைகொடுத்தே வருவிக்கின்றோம். காரைதீவின் வயலிலும் கடலிலும் வெயிலில் உழைத்து மூத்தோர்க்கு அவ்விலை சிறு செய்தியன்று. விஞ்ஞானமும் தமிழும் ஒருங்கே கற்ற விபுலாநந்த அடிகள் 1892 இல் பிறந்த இவ்வூரின் மாணவர், கருவியின் நுட்பத்தோடு அதன் உடைமை யாரிடத்தது என்பதையும் ஆராய்வாராக. பார்வையின் விலையை நிருணயிப்பதில் நுட்பத்துக்குள்ள பங்கு உடைமைக்கும் உண்டு.