யாருக்கென்று தெரியாத செய்தி: வில்கோவின் ஓர் ஆல்பமும் அதன் வாசிப்புகளும்

சிற்றலை வானொலியைத் திருகிக்கொண்டே போனால் சில இடங்களில் ஒரு குரல் எழுத்துகளையும் எண்களையும் மட்டும் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருக்கும். உளவாளிகளுக்கான சங்கேதம் என்பார்கள். வழியில் கேட்கிறவனுக்கு அது வெறும் ஒலி. இப்படியான குரல்களின் தொகுப்பான 'கானெட் ப்ராஜெக்ட்'டிலிருந்து ஒரு பெண்குரலை எடுத்து, சிகாகோவின் வில்கோ ராக் குழு தன் நான்காவது ஆல்பத்துக்குள் பதித்தது. அவள் சொல்லும் மூன்று சொற்களே தலைப்பும் ஆயின: 'யாங்கீ ஹோட்டல் ஃபாக்ஸ்ட்ராட்'. கம்பியில்லாத் தந்திக்காரர்கள் ஒய், எச், எஃப் என்ற எழுத்துகளைச் சொல்லும் முறை, அவ்வளவுதான்.

இந்த ஆல்பத்தின் கதை ராக் விமர்சனத்தில் கிட்டத்தட்ட புராணமாகிவிட்டது. ரிப்ரைஸ் என்பது 1960இல் ஃபிராங்க் சினாட்ரா, பாடகனுக்குச் சுதந்திரம் வேண்டும் என்று தொடங்கிய கம்பெனி. 2001இல் அது ஏஓஎல் டைம் வார்னரின் சொத்து. முடித்துக் கொடுத்த ஆல்பத்தை வெளியிட மாட்டேன் என்றது. குழு ஒலிநாடாக்களோடு வெளியேறியது. 2001 செப்டம்பர் 18 முதல் தன் இணையதளத்தில் இலவசமாகக் கேட்கவிட்டது. பிறகு நன்சச் கம்பெனியோடு ஒப்பந்தம். 2002 ஏப்ரல் 23இல் வெளியாகி முதல் வாரமே சுமார் 56,000 பிரதிகள் விற்றது. பிட்ச்ஃபோர்க் பத்துக்குப் பத்து போட்டது. 'வில்லேஜ் வாய்ஸ்' விமர்சகர் வாக்கெடுப்பில் அவ்வாண்டின் முதலிடம். வேடிக்கை என்னவென்றால் நன்சச்சும் ஏஓஎல் டைம் வார்னருடையதுதான். ஒரே முதலாளி ஒரே சரக்குக்கு இரண்டு முறை காசு கொடுத்தான்!

ஆல்பம் முதலில் வெளிவர இருந்த தேதி 2001 செப்டம்பர் 11. உள்ளே நடுங்கும் உயர்ந்த கட்டடங்களைப் பற்றி ஒரு பாட்டு, அமெரிக்கக் கொடிகளின் சாம்பல் பற்றி இன்னொன்று, அட்டையில் சிகாகோவின் மரீனா சிட்டி இரட்டைக் கோபுரங்கள். எல்லாமே தாக்குதலுக்கு முன்பு உருவானவை. ஆனாலும் 2002இல் விமர்சகர்கள் இடிந்த கோபுரங்களைத்தான் இதில் கேட்டார்கள். இதைப் பிழைவாசிப்பு என்று தள்ள நான் தயாரில்லை. ஆசிரியன் இறந்துவிட்டான் என்று பார்த் சொன்னதை வரலாறே நடத்திக் காட்டிய சந்தர்ப்பம் இது. பெறுநர் யாரென்று தெரியாத குரலை நடுவில் வைத்திருக்கிற பிரதி அதற்கு இடம்கொடுக்கத்தானே செய்யும்?

எனக்கு உறுத்துவது மற்ற வாசிப்பு: 'கம்பெனி மறுத்தது, ஆகவே இது உன்னதம்.' இரைச்சலை விலக்கிவிட்டுக் கேட்டால் பாதிப் பாடல்கள் கிதாரை மட்டும் வைத்துக்கொண்டு பாடிவிடக்கூடிய எளிய மெட்டுகள். எதிர்ப்புக் கதை இவற்றைப் புரட்சியாக்கியது. அந்தக் கதைக்கு ஒரே ஒரு நாயகன் போதும். ஜெஃப் ட்வீடி கிடைத்தார். பதினோரு பாடல்களில் பாதிக்கு மேல் மெட்டில் பங்குள்ள, பல கருவிகளை வாசித்த, ஒலிப்பதிவிலும் உழைத்த ஜே பென்னட் 2001இலேயே குழுவுக்கு வெளியே. கலவை வேலை ஜிம் ஓ'ரூர்க்கிடம் போனது. சாம் ஜோன்ஸின் கருப்பு வெள்ளை ஆவணப்படத்தில் (2002) பென்னட் விட்டுக்கொடுக்காமல் வாதாடுகிற ஆளாகவே மனதில் நிற்கிறார். கம்பெனியின் நிராகரிப்பைப் பக்கம் பக்கமாக எழுதியவர்களுக்கு, குழுவுக்குள் நடந்த நிராகரிப்பு ஓரிரு வரிச் செய்தி. ஓ'ரூர்க் அடுக்குகளை உரித்தெடுத்திராவிட்டால் இந்த ஆல்பம் இதுவாக இருந்திராது என்பதும் உண்மைதான். உரித்தவை யாருடையவை என்ற கேள்வி அதனால் தீர்ந்துவிடுகிறதா?

2009 மே மாதம் பென்னட் உரிமைத்தொகை கேட்டு ட்வீடிமேல் வழக்குப் போட்டார். அதே மாதம் 45 வயதில் இறந்தார். 2022இல், இருபதாம் ஆண்டை ஒட்டி, ஒரே பாட்டின் வெவ்வேறு கோலங்களும் கைவிடப்பட்ட பதிவுகளும் பெட்டித் தொகுப்பாக வந்தன. அதையும் நன்சச்தான் விற்றது.