நேப்பிள்ஸ் நகரின் வான்நீலச் சட்டை: நாப்போலி கழகமும் அதன் பத்தாம் எண்ணும்

தென்னித்தாலியின் துறைமுக நகரம் நேப்பிள்ஸ். கால்பந்து அங்கே கப்பலில் வந்து இறங்கியது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கப்பல் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்த வில்லியம் போத்ஸ் என்ற ஆங்கிலேயரும் உள்ளூர் நண்பர்களும் சேர்ந்து ‘நேப்பிள்ஸ்’ என்ற ஆட்டக்குழுவைத் தொடங்கினர். 1911இல் ஒரு பிரிவினர் விலகிப்போய் ‘இன்டர்நாசியோனாலே’ என்று தனிக்குழு அமைத்தனர். பணத்தட்டுப்பாடு இரு குழுக்களையும் 1922இல் மறுபடி ஒன்றாக்கியது. 1926 ஆகஸ்ட் 1 அன்று அந்தக் குழு நாப்போலி என்ற பெயரைச் சூடிக்கொண்டது. நாம் இன்று நூற்றாண்டு கொண்டாடும் கழகம் அன்று பிறந்ததுதான்.

அதன் முதல் தலைவர் ஜோர்ஜோ அஸ்கரெல்லி. துணி வணிகத்தில் பெரும்பொருள் ஈட்டிய யூதக் குடும்பத்தவர். கழகத்தின் முதல் பருவமோ வேதனையாக அமைந்தது: 18 ஆட்டங்களில் 17 தோல்வி, ஒரே ஒரு சமநிலை. சின்னத்தில் குதிரை பொறித்த குழுவை ஊர்மக்கள் ‘இது குதிரையல்ல, கழுதை’ என்றார்கள். அந்தக் கழுதையையே ரசிகர்கள் பிறகு தங்கள் அடையாளமாக ஏற்றுக்கொண்டனர். இன்றும் நாப்போலி என்றால் கழுதைதான். அதைப் பெருமையோடு கொடியில் வரைகிறவர்கள் நாம்.

அஸ்கரெல்லி சோர்ந்துவிடவில்லை. இங்கிலாந்திலிருந்து வந்து ஜெனோவாவில் புகழ்பெற்றிருந்த வில்லியம் கார்பட்டைப் பயிற்சியாளராக அமர்த்தினார். பராகுவேயில் பிறந்த அட்டிலா சல்லுஸ்ட்ரோ கழகத்தின் முதல் பெரும் கோலடிப்பாளரானார். எல்லாவற்றுக்கும் மேலாக, தம் சொந்தப் பணத்தில் ரயில் நிலையத்துக்கு அருகில் மைதானம் கட்டினார் அஸ்கரெல்லி. மரப் படிகள் கொண்ட அந்த ‘வெசுவியோ’ மைதானம் 1930 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. சில வாரங்களிலேயே, மார்ச் மாதத்தில், நோய்வாய்ப்பட்டு அவர் மறைந்தார். மைதானத்துக்கு அவர் பெயரே சூட்டப்பட்டது. இறந்துபோன தன் மனிதனின் பெயரை இந்த நகரம் நாப்போலியின் ஆடுகளத்துக்கு இட்டது அதுவே முதல் தடவை. பாசிச ஆட்சி பின்னர் அந்த யூதப் பெயரை நீக்கி ‘பார்த்தெனோப்பேயோ’ என்று மாற்றியது. ஆனால் மைதானம் இருந்த வட்டாரத்தை மக்கள் இன்றும் ‘ரியோனே அஸ்கரெல்லி’ என்றே அழைக்கிறார்கள்.

முப்பதுகளில் கார்பட்டின் குழு இரண்டு முறை லீக்கில் மூன்றாமிடம் வரை ஏறியது. அதற்குள் போர் வந்தது. நேச நாட்டு விமானங்களின் குண்டுகள் விழுந்து அஸ்கரெல்லியின் மைதானம் அழிந்தது. 1943 செப்டம்பர் இறுதியில் நேப்பிள்ஸ் மக்கள் நான்கு நாள் எழுச்சியில் ஜெர்மானியப் படையை நகரை விட்டுத் துரத்தினர். அப்போது வோமேரோ குன்றில் உள்ள விளையாட்டு மைதானத்தில் பிணைக்கைதிகள் அடைக்கப்பட்டிருந்தார்கள். மக்கள் அந்த மைதானத்தை முற்றுகையிட்டு அவர்களை மீட்டனர். போருக்குப் பின் நாப்போலி தன் ஆட்டங்களை ஆடியது அதே வோமேரோ மைதானத்தில்தான். 1959 வரை அதுவே கழகத்தின் வீடு. அங்கே நின்று ஆட்டம் பார்த்த தலைமுறைக்கு, எந்த மண்ணில் நிற்கிறோம் என்று யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

ஐம்பதுகள் கப்பல் முதலாளி அக்கில்லே லௌரோவின் காலம். 1952இல் ஸ்வீடன் நாட்டு வீரர் ஹாஸே ஜெப்சனை 10.5 கோடி லிராவுக்கு வாங்கி இத்தாலியையே வியக்கவைத்தார். 1959 டிசம்பர் 6 அன்று ஃபுவோரிகுரோட்டா பகுதியில் புதிய மைதானம் திறக்கப்பட்டது. அன்றே யுவெண்டஸை 2-1 என்று வென்றோம். விவிலியத்தில் புத்தேயோலி என்று வரும் பட்டணம் அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது. பவுல் அடிகள் கரையிறங்கிய நினைவாக மைதானத்துக்கு ‘சான் பாவ்லோ’ என்ற பெயர் வந்தது. 1962இல் இரண்டாம் நிலை லீக்கில் இருந்துகொண்டே இத்தாலியக் கோப்பையை வென்றோம். கழகத்தின் முதல் பெரிய கோப்பை அது. பயிற்சியாளர் அர்ஜென்டினாவில் பிறந்த புருனோ பெசவோலா. பிறகு சீவோரி, அல்தாஃபீனி, டீனோ ட்ஸோஃப் என்று பெரிய பெயர்கள் நீலச் சட்டை அணிந்தன. உள்ளூர்ப் பிள்ளையான அந்தோனியோ யூலியானோ ஆண்டுக்கணக்கில் தலைமை தாங்கினார். 1976இல் இரண்டாவது கோப்பையும் வந்தது. லீக் பட்டம் மட்டும் வரவில்லை.

1980 நவம்பர் 23 மாலை இர்ப்பீனியா நிலநடுக்கம். ஏறத்தாழ 3,000 பேர் மாண்டனர். நேப்பிள்ஸில் வீடிழந்த குடும்பங்கள் பல ஆண்டுகள் தற்காலிகக் குடியிருப்புகளில் கிடந்தன. வடக்கே ஆடப் போகும்போதெல்லாம் வெசுவியோ எரிமலையை அழைத்து நேப்பிள்ஸைக் கழுவச் சொல்லும் பதாகைகள் எதிர்ப்பக்கத்தில் விரிக்கப்படும். அந்த அவமானத்தைச் சுமந்துகொண்டு அடுத்த ஞாயிறும் மைதானத்துக்குப் போனார்கள் நம்மவர்கள். இதைச் சொல்லாமல் 1984ஐப் பற்றிப் பேசினால் அந்த ஆண்டு யாருக்கும் விளங்காது.

தலைவர் கொர்ராடோ ஃபெர்லைனோ. நிர்வாகத்தில் அதே யூலியானோ. மாதக்கணக்கில் பேரம் பேசி, அன்றைய உலகச் சாதனைத் தொகைக்கு டியேகோ மரடோனாவை பார்சலோனாவிடமிருந்து கொண்டுவந்தனர். 1984 ஜூலை 5 அன்று சான் பாவ்லோவில் 70,000 பேர் கூடினர். அன்று ஆட்டம் எதுவும் இல்லை. ஒருவர் படியேறி வெளியே வந்து பந்தைக் காலில் தட்டி வானுக்கு உதைப்பதைப் பார்க்கச் சீட்டு வாங்கிக்கொண்டு வந்திருந்தார்கள். ஊரின் ஏழைகள் அவரை முதல் பார்வையிலேயே அடையாளம் கண்டுகொண்டதற்குக் காரணம் உண்டு. புவெனோஸ் ஐரிஸின் ஓரத்தில், வில்லா ஃபியோரித்தோ என்ற சேரியில் வளர்ந்தவர் அவர்.

அடுத்த ஆண்டு நேப்பிள்ஸுக்கு அருகிலுள்ள அச்செர்ராவில் நடந்ததை மூத்த ரசிகர்கள் இன்றும் சொல்லி முடிப்பதில்லை. நோயுற்ற ஒரு சிறுவனின் அறுவைச் சிகிச்சைக்குப் பணம் திரட்ட ஆட்டம் வேண்டும் என்று சக வீரர் கேட்டார். காயம் பட்டால் என்ன செய்வது என்று நிர்வாகம் தயங்கியது. காப்பீட்டுத் தொகையைத் தாமே கட்டிவிட்டு மரடோனா வந்தார். மழையில் களம் முழுக்கச் சேறு. நிறுத்தியிருந்த கார்களுக்கு நடுவே உடலைச் சூடேற்றிக்கொண்டு, முழங்கால்வரை சேறு பூசி, கோலும் அடித்தார். ஓர் ஊரின் பாசம் எங்கிருந்து வேர்பிடித்தது என்று கேட்பவர்களுக்கு, கோப்பைகளைக் காட்டுவதற்கு முன் இந்த ஆட்டத்தைத்தான் காட்டுவேன்.

1985 நவம்பர் 3 அன்று வடக்கின் யுவெண்டஸ் வந்தது. பெனால்டி எல்லைக்குள்ளேயே மறைமுக ஃப்ரீகிக். தடுப்புச் சுவர் மிக அருகில் நிற்கிறது. பந்து எழுந்து இறங்க இடமே இல்லை. எரால்டோ பெச்சி தயங்கியபடி பந்தை மெல்ல நகர்த்த, இடது காலால் சுவருக்கு மேலே தூக்கி, கோல்கம்பத்தின் மூலைக்குள் இறக்கினார் மரடோனா. 1-0. வடக்கை வெல்ல முடியும் என்று நகரம் அன்று நம்பத் தொடங்கியது.

நெடுநாள் கேப்டன் ஜுசெப்பே புருஸ்கொலொத்தி கைப்பட்டையை மரடோனாவிடம் தாமே ஒப்படைத்தார். பதிலுக்குக் கேட்டது லீக் பட்டம். 1987 மே 10 அன்று ஃபியோரென்டினாவுடன் 1-1 சமநிலை போதுமானதாக இருந்தது. ஒத்தாவியோ பியாங்கியின் குழுவில் பஞ்ஞி, கார்னெவாலே, ஜோர்தானோ, நேப்பிள்ஸ் மண்ணின் சிரோ ஃபெர்ராரா. 61 ஆண்டுக் காத்திருப்பு முடிந்தது. தெருக்களில் வடக்குக் கழகங்களுக்குச் சவப்பெட்டி சுமந்து ஊர்வலம் போனார்கள். கல்லறைத் தோட்டத்தின் மதிலில் யாரோ, உள்ளே உறங்குபவர்கள் எதைத் தவறவிட்டார்கள் என்று எழுதிவைத்தனர். தந்தையரும் பாட்டனாரும் பார்க்கக் கிடைக்காத நாளை அவர்களுக்கும் அறிவிக்க வேண்டும் என்று தோன்றியது எவ்வளவு இயல்பு! அதே ஆண்டு இத்தாலியக் கோப்பை, ஆடிய 13 ஆட்டங்களிலும் வெற்றியோடு. 1989இல் ஸ்டுட்கார்ட்டை வென்று யூஃபா கோப்பை. கழகத்தின் முதல் பெரிய ஐரோப்பியக் கோப்பை அது. 1990இல் ஆல்பெர்த்தோ பிகோனின் பயிற்சியில் இரண்டாவது லீக் பட்டம். அந்த ஜூலையில் உலகக் கோப்பை அரையிறுதியில் இத்தாலியும் அர்ஜென்டினாவும் இதே சான் பாவ்லோவில் மோதின. பிற நகரங்களில் ஊளையிட்டு அடக்கப்பட்ட அர்ஜென்டினா நாட்டுப்பண்ணை நேப்பிள்ஸ் மரியாதையோடு கேட்டது.

1991 மார்ச்சில் மருந்துச் சோதனை, 15 மாதத் தடை, பிரிவு. 259 ஆட்டங்கள், 115 கோல்களோடு மரடோனா சென்றார். நகரம் அவர்மீது தீர்ப்பு எழுதவில்லை. 2000இல் பத்தாம் எண் சட்டைக்கு ஓய்வு தரப்பட்டது. மூன்றாம் நிலை லீக்கில் அவசியத்துக்காக அணிந்ததைத் தவிர, அதற்குப் பின் வேறு யார் தோளிலும் அது ஏறவில்லை.

2004 கோடையில் கழகம் திவாலானது. திரைப்படத் தயாரிப்பாளர் அவ்ரேலியோ தே லௌரென்தீஸ் அதை வாங்கி மூன்றாம் நிலை லீக்கிலிருந்து தொடங்கினார். பழைய பெயரைக்கூட உடனே பயன்படுத்த முடியாத நிலை. அந்த லீக்கின் ஆட்டங்களுக்கும் சான் பாவ்லோவில் பல்லாயிரம் பேர் வந்தனர். சில நாட்களில் 50,000 பேரைத் தாண்டியது. பட்டம் வென்ற நாட்களின் கூட்டத்தைவிட இந்தக் கூட்டத்தையே இக்கழகத்தின் பெரிய சாதனையாக எண்ணுகிறேன். 2006இல் இரண்டாம் நிலை, 2007இல் முதல் நிலை. 2012இல் யுவெண்டஸை வென்று இத்தாலியக் கோப்பை. 2017 டிசம்பரில் நாப்போலி வீரர் மாரெக் ஹாம்ஷிக் 116ஆம் கோலை அடித்து மரடோனாவின் எண்ணிக்கையைக் கடந்தார். அதே ஆண்டு ஜூலையில் மரடோனா நேப்பிள்ஸின் கௌரவக் குடிமகனாக்கப்பட்டிருந்தார்.

2020 நவம்பர் 25. புவெனோஸ் ஐரிஸ் அருகே, 60 வயதில், மரடோனா இறந்தார். தொற்றுநோய்க் கட்டுப்பாட்டில் கம்பானியா மாநிலம் சிவப்பு மண்டலமாக இருந்த நேரம். ஆனாலும் முகக்கவசத்தோடு மக்கள் இரண்டு இடங்களுக்கு வந்துகொண்டே இருந்தனர். ஒன்று ஸ்பானியத் தெருக்கள் எனப்படும் பழைய குடியிருப்பு. அங்கே 1990இல் மாரியோ ஃபிலார்தி என்ற இளைஞர் ஆளுயரத்தைப் பன்மடங்கு மிஞ்சும் மரடோனா ஓவியத்தைக் கட்டடச் சுவரில் வரைந்திருந்தார். காலப்போக்கில் நிறம் மங்கி, முகம் இருந்த இடத்தில் ஒரு ஜன்னலும் திறக்கப்பட்டது. 2016இல் அதே தெருக்காரரான சால்வத்தோரே யோதிச்சே, அக்கம்பக்கத்தார் தந்த பணத்தில் அதை மீட்டெடுத்தார். ஜன்னல் கதவு மூடியிருக்கும்போது முகம் முழுமையாகத் தெரியும். அந்தச் சுவரடியில் அன்றிரவு மெழுகுவர்த்திகளும் மலர்களும் குவிந்தன.

மற்றொன்று சான் பாவ்லோ. விளக்குகள் இரவு முழுக்க எரிந்தன. வெளிக் கம்பிவேலி தெரியாதபடி கழுத்துத் துண்டுகள், பழைய சட்டைகள், பிள்ளைகள் எழுதிய கடிதங்கள். மறுநாள் குரோவேஷியாவின் ரியேகா குழுவுடன் ஐரோப்பிய ஆட்டம். பார்வையாளருக்கு அனுமதியில்லை. நாப்போலியின் எல்லா வீரர்களும் முதுகில் மரடோனா 10 என்ற சட்டையோடு களமிறங்கினர்; வெளியே ரசிகர்கள் மைதானத்தைச் சுற்றிச் செந்தீப்பந்தங்களை ஏற்றினர். ஞாயிறன்று ரோமாவுக்கு எதிராக அர்ஜென்டினாவை நினைவூட்டும் வரிச்சட்டை. கேப்டன் லொரென்ட்ஸோ இன்சின்யே ஃப்ரீகிக்கில் கோலடித்து, பத்தாம் எண் சட்டையை எடுத்து முத்தமிட்டு உயர்த்தினார். அவர் பிறந்த 1991, மரடோனா நேப்பிள்ஸை விட்டுப் போன ஆண்டு.

டிசம்பர் 4 அன்று நகர நிர்வாகம் முடிவெடுத்தது. சான் பாவ்லோ அன்றுமுதல் டியேகோ அர்மாந்தோ மரடோனா மைதானம். அஸ்கரெல்லிக்குத் தொண்ணூறு ஆண்டுகளுக்குப் பிறகு, இரண்டாம் தடவையாக, நாப்போலியின் ஆடுகளத்துக்கு இறந்துபோன தன் மனிதனின் பெயர்.

மூன்றாவது லீக் பட்டம் 2023 மே 4 அன்று ஊதினே நகரில் 1-1 சமநிலையில் உறுதியானது. அந்த ஆட்டத்தைத் திரையில் பார்க்கவே மரடோனா மைதானம் நிரம்பியிருந்தது. நான்காவது பட்டம் 2025 மே 23 அன்று, காலியாரிக்கு எதிராக 2-0 என்று, அந்தப் பெயர் தாங்கிய மைதானத்திலேயே வெல்லப்பட்டது.