தலை தாழ்ந்த ஒரு சொல்

மனிதர்கள் நாடுவிட்டு நாடு செல்வதைப் போலவே சொற்களும் செல்கின்றன. சென்ற இடத்தில் சில சொற்கள் சீர்பெறுகின்றன. சில சிறுமை அடைகின்றன. சீனத்திலிருந்து ஆங்கிலத்திற் குடிபுகுந்த 'கௌடௌ' என்னும் சொல் இரண்டாம் வகையைச் சேர்ந்தது. ஒருவர் தன்மானமின்றி மற்றவருக்கு அடிபணிந்தார் எனப் பழித்துரைக்கவே ஆங்கிலத்தில் அதனைப் பயன்படுத்துகின்றனர். அதன் பிறப்போ வேறு.

சீன மொழியில் 'கோ' என்றால் தட்டுதல். 'தோ' என்றால் தலை. மண்டியிட்டு நெற்றி நிலத்திற் பட வணங்குவதே இச்சொல்லின் பொருள். பேரரசரின் முன் மும்முறை மண்டியிட்டு, முறைக்கு மூன்றாக ஒன்பது தடவை தலை தாழ்த்த வேண்டும். எனினும் இஃது அரசவைக்கு மட்டும் உரிய சடங்கன்று. பிள்ளைகள் பெற்றோரையும், மாணாக்கர் ஆசிரியரையும், குடும்பத்தார் முன்னோரையும் இவ்வாறே வணங்கினர்.

1781 முதல் 1785 வரை சென்னையின் கவர்னராக இருந்த மெக்கார்ட்னி பிரபு, வணிக உரிமைகள் வேண்டி 1793-இல் ஆங்கில மன்னரின் தூதராகச் சீனம் சென்றார். சியன்லுங் பேரரசரை ஒன்பது தடவை வணங்க அவர் இசையவில்லை. தமக்கு நிகரான சீன அதிகாரி ஒருவர் ஆங்கில மன்னரின் படத்தை அவ்வாறே வணங்கினால் தாமும் வணங்குவதாகச் சொன்னார். இறுதியில், தம் மன்னருக்குச் செய்வதுபோல் ஒரு காலை மட்டும் மண்டியிட்டதாக எழுதிவைத்தார். விருந்து கிடைத்தது; கேட்ட உரிமைகள் கிடைக்கவில்லை. 1795-இல் அங்குச் சென்ற ஒல்லாந்துத் தூதுக்குழுவினர் முறைப்படி வணங்கினர். அவர்களுக்கும் வணிக உரிமை கிட்டவில்லை. ஆகவே, தோல்விக்கு வணக்கத்தை மட்டும் காரணமாக்குதல் பொருந்தாது என்பது தெளிவு.

மெக்கார்ட்னியுடன் சென்றவர்களுள் ஜார்ஜ் தாமஸ் ஸ்டாண்டன் என்னும் பன்னிரண்டு வயதுச் சிறுவனும் ஒருவன். பயணத்தின்போதே சீன மொழியைக் கற்றுக்கொண்ட அவன், பேரரசரிடம் அம்மொழியிலேயே பேசி, அவர் அணிந்திருந்த பை ஒன்றைப் பரிசாகப் பெற்றான். 1816-இல் ஆம்ஹர்ஸ்ட் பிரபு தூது சென்றபோது, இந்த வணக்கத்தைச் செய்யலாகாது என வற்புறுத்தியவர் அதே ஸ்டாண்டன்தான். அத்தூது பேரரசரைக் காணாமலே திரும்பியது. ஆம்ஹர்ஸ்ட் பின்னர் 1823-இல் வங்காளத்தின் கவர்னர் ஜெனரல் ஆனார். ஒரு மொழியைக் கற்றுவிட்டால் மட்டும் அம்மக்களின் வழக்கத்தோடு மனம் ஒன்றிவிடுவதில்லை என்பதை ஸ்டாண்டனின் வரலாறு உணர்த்துகிறது.

இப்பூசல்களின் வழியே ஆங்கிலேயர் இச்சொல்லை அறிந்தனர். ஆதலால் அவர்கள் காதில் அது மரியாதையாக ஒலிக்கவில்லை, அவமதிப்பாகவே ஒலித்தது. 19-ஆம் நூற்றாண்டிலேயே அது முகத்துதி செய்வதைக் குறிக்கும் வினைச்சொல்லும் ஆயிற்று. 1873-இல் அயல்நாட்டுத் தூதர்கள் இந்த வணக்கமின்றியே சீனப் பேரரசரைக் கண்டனர். 1912-இல் முடியாட்சியும் மறைந்தது. அவைச் சடங்கு போயிற்று; வசைச்சொல் நிலைத்துவிட்டது.

தமிழில் 'காலில் விழுதல்' என்பதற்கும் இரு பொருள் உண்டு. மணமக்கள் பெரியோர் காலில் விழுவதும், காரியத்துக்காக ஒருவர் காலில் விழுவதும் ஒன்றல்ல. வேறுபாட்டை நாம் இடமறிந்து உணர்கிறோம். ஆங்கிலமோ சீனச் சொல்லின் ஒரு பாதியையே எடுத்துக்கொண்டது. பிறமொழிச் சூழலில் வளரும் நம் பிள்ளைகளுக்கு நம் வழக்கங்களின் பெயரை மட்டும் சொல்லாமல், அவற்றின் உட்பொருளையும் எடுத்துரைப்போம். இல்லையேல் அவர்களுக்கும் பாதிப் பொருளே எஞ்சும்.